நாசாவுக்கு எத்தனை பெரிய எழுத்து? ஆங்கில நாளிதழ்களும் முதலெழுத்துச் சுருக்கங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில நாளிதழ்களை ஒப்பிட்டு வாசிப்பவர்களும், அவற்றிலிருந்து செய்திகளை மொழிபெயர்ப்பவர்களும், ஆங்கிலப் படிகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவர்களும் எழுப்பும் ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழ் எழுத்துக்கு இல்லை. ஆகவே வடிவங்களைக் கண்ணுக்குக் காட்டாமல் சொற்களாலேயே விவரிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே அமைப்பின் பெயரை ஒரு நாளிதழ் முழுவதும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறது. இன்னொன்று முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்குகிறது. இவற்றில் எது பிழை?

இரண்டும் பிழையல்ல. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் பெயரில் கார்டியன் நாளிதழ் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி மற்ற மூன்றையும் சிறிய எழுத்தில் விடுகிறது. நியூயார்க் டைம்ஸ் நான்கையும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறது. இதில் செய்தியாளரின் விருப்பத்துக்கோ கவனக்குறைவுக்கோ இடமில்லை. அந்தந்த இதழின் நடைக் கையேட்டில் எழுதிவைக்கப்பட்ட விதியையே ஆசிரியர் குழு பின்பற்றுகிறது. ஸ்பானிய மொழிக்கு அரச கழகம் இருப்பதுபோல ஆங்கிலத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அமைப்பு எதுவும் கிடையாது என்பதால், ஒவ்வோர் இதழும் தனக்கான விதியைத் தானே வகுத்துக்கொண்டது. ஒரே இதழில், அதுவும் ஒரே பக்கத்தில், ஒரே பெயர் இரண்டு விதமாக வந்தால் மட்டுமே அதைப் பிழை என்று சொல்லலாம்.

அக்ரோனிம், இனிஷியலிசம் என்று இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறார்களே, வேறுபாடு என்ன?

பல சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய சுருக்கத்தை ஒரு சொல்லாகவே உச்சரித்தால் அது அக்ரோனிம். எழுத்தெழுத்தாகச் சொன்னால் இனிஷியலிசம். நாசா, நேட்டோ, யுனிசெஃப் ஆகியவை முதல் வகை. பி.பி.சி., எஃப்.பி.ஐ., டி.என்.ஏ. ஆகியவை இரண்டாம் வகை. பொதுப் பேச்சில் இரண்டையும் அக்ரோனிம் என்றே அழைக்கிறார்கள், அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆயினும் நாளிதழ்களின் பெரிய எழுத்து விதிகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டின் மீதே நிற்கின்றன. சுருக்கத்தை வாய் எப்படிச் சொல்கிறதோ அதைக் கை எழுத வேண்டும் என்பதுதான் அவற்றின் உள்ளிருக்கும் எண்ணம்.

கார்டியனின் விதி என்ன?

எழுத்தெழுத்தாகச் சொல்லப்படும் சுருக்கம் முழுவதும் பெரிய எழுத்தில், இடையில் புள்ளி இல்லாமல் வரும். சொல்லாக உச்சரிக்கப்படும் சுருக்கம் ஒரு பெயர் என்றால், மற்றப் பெயர்களைப் போலவே முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும்: நாசா, நேட்டோ, யுனிசெஃப். அது அன்றாடப் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டிருந்தால் முதல் எழுத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. லேசர் மட்டுமல்லாமல் சிம் கார்டின் சிம், வங்கி அட்டைக்கான பின் எண்ணின் பின் ஆகியவையும் முழுவதும் சிறிய எழுத்தில்தான். லண்டனில் வெளியாகும் டைம்ஸ், டெலிகிராஃப், ஃபைனான்சியல் டைம்ஸ் முதலிய இதழ்களும் நாசா, நேட்டோ ஆகியவற்றை இதே முறையில்தான் எழுதி வந்திருக்கின்றன. ஆகவே இதைப் பிரிட்டிஷ் வழக்கம் என்று பொதுவாகச் சொன்னால் பெரிய தவறில்லை.

இந்த விதியில் எனக்குப் பிடித்தது, அது வாசகருக்கு ஓர் உதவியைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது என்பதுதான். முன்பின் கேள்விப்படாத ஓர் அமைப்பின் சுருக்கத்தைப் பார்த்த கணத்திலேயே, அதை எழுத்துக்கூட்டிச் சொல்வதா ஒரே மூச்சில் சொல்வதா என்பது தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் நியூயார்க் டைம்ஸ் உச்சரிப்பைக் கருதுவதே இல்லையா?

கருதுகிறது, ஆனால் அதற்கு வேறொரு கருவியைக் கையாள்கிறது. எழுத்தெழுத்தாகச் சொல்லும் சுருக்கங்களில் அந்த இதழ் ஒவ்வோர் எழுத்தின் பின்னும் புள்ளி வைக்கிறது, எஃப்.பி.ஐ. என்பதில் மூன்று புள்ளிகள். சொல்லாக உச்சரிப்பவற்றில் புள்ளி கிடையாது. எனவே நாசாவும் நேட்டோவும் பெரிய எழுத்தில், ஆனால் புள்ளியில்லாமல் வருகின்றன. கார்டியன் எழுத்தின் அளவால் சொல்வதை நியூயார்க் டைம்ஸ் புள்ளியால் சொல்கிறது. டி.என்.ஏ. போன்ற சில சுருக்கங்கள் மட்டும் புள்ளியில்லாமலே நிலைத்துவிட்டன.

இதற்கு மேல் அங்கே நீளத்தைப் பற்றியும் ஒரு விதி உண்டு. சொல்லாக உச்சரிக்கும் பெயர் நான்கு எழுத்துகளைத் தாண்டினால் முதல் எழுத்து மட்டுமே பெரிதாக இருக்கும் என்பதால், நான்கெழுத்து நேட்டோ முழுவதும் பெரிதாகவும் ஆறெழுத்து யுனிசெஃப் முதலெழுத்து மட்டும் பெரிதாகவும் அமையும். இது காதுக்கான விதியல்ல, கண்ணுக்கான விதி. நான்கு பெரிய எழுத்துகளை வரி தாங்கும், ஆறு வந்தால் அவை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதே அதன் கணக்கு. ஒரே வாக்கியத்தில் நேட்டோவும் யுனிசெஃபும் அடுத்தடுத்து வரும்போது வாசகர் ஒரு நொடி விழிப்பார் என்பதை மறுப்பதற்கில்லை.

அசோசியேட்டட் பிரஸ் என்ன செய்கிறது?

1846-இல் தொடங்கிய அந்தச் செய்தி நிறுவனத்தின் கையேட்டை அமெரிக்காவின் பல நூறு உள்ளூர் இதழ்கள் தங்கள் கையேடாகவே ஏற்றிருக்கின்றன, ஆகவே அதன் விதிக்கு எடை அதிகம். ஆறு எழுத்துகள் வரை அக்ரோனிம்கள் முழுவதும் பெரிய எழுத்தில் வரலாம். ஆறைத் தாண்டினால், கையேட்டில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, முதல் எழுத்து மட்டும். எனவே யுனிசெஃப் அங்கே முழுவதும் பெரிய எழுத்தில் வரும். எஃப்.பி.ஐ.க்குப் புள்ளி இல்லை. அமெரிக்காவைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சுருக்கத்துக்குச் செய்தியின் உடலில் புள்ளி உண்டு, தலைப்பில் கிடையாது.

கோவிட்-19 என்ற பெயரை ஏன் இத்தனை விதமாக எழுதினார்கள்?

இதுவரை சொன்ன விதிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்த்த சொல் இதுதான். உலக சுகாதார அமைப்பு 2020 பிப்ரவரி 11 அன்று இந்தப் பெயரை அறிவித்தபோது ஐந்து எழுத்துகளையும் பெரிதாகவே எழுதியது. கொரோனா என்பதிலிருந்து இரண்டு எழுத்துகள், வைரஸ் என்பதிலிருந்து இரண்டு, நோய் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து ஒன்று, அதன் பின் நோய் தோன்றிய ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். சொல்லாகவே உச்சரிக்கப்பட்டதால் கார்டியன் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கியது. ஐந்து எழுத்து என்பது நான்கைத் தாண்டுவதால் நியூயார்க் டைம்ஸும் அப்படியே செய்தது. ஆறைத் தாண்டாததால் அசோசியேட்டட் பிரஸ் முழுவதையும் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டது. கார்டியனும் நியூயார்க் டைம்ஸும் வெவ்வேறு காரணங்களால் ஒரே வடிவத்தை வந்தடைந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

எய்ட்ஸ் நோயின் பெயரில் அந்த ஒற்றுமை இல்லை. நான்கே எழுத்து என்பதால் நியூயார்க் டைம்ஸ் அதை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுகிறது. கார்டியனோ நாசாவைப் போலவே முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்குகிறது. ஆகவே நியூயார்க் டைம்ஸில் இரண்டு நோய்களும் இரண்டு தோற்றத்திலும், கார்டியனில் ஒரே தோற்றத்திலும் இருக்கும்.

பெரிய எழுத்துகள் வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே! அவற்றைக் குறைக்க ஏன் இவ்வளவு பாடு?

ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சில மேலே நீளும், சில கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஒரு வரிக்கு அதன் ஓட்டத்தைத் தருகிறது. பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் சதுரமாக நிற்பதால், பத்தியின் நடுவே ஒரு சுருக்கம் வந்தால் அது எவ்வளவு அற்பமான பெயராக இருந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. அரசுத் துறைகளும் பன்னாட்டு அமைப்புகளும் நிறைந்த ஒரு செய்தியில் அப்படி இருபது சுருக்கங்கள் வந்தால், பத்தி முழுவதும் யாரோ இடையிடையே கத்துவதுபோல் ஆகிவிடும்.

இதற்கு அச்சுக்கலை கண்ட பழைய தீர்வு ஸ்மால் கேப்ஸ் எனப்படும் எழுத்துவகை. பெரிய எழுத்தின் வடிவமும் சிறிய எழுத்தின் உயரமும் கொண்ட அதை தி எகனாமிஸ்ட் தன் அச்சிதழில் நெடுங்காலம் சுருக்கங்களுக்குப் பயன்படுத்தியது. அழகான தீர்வுதான். ஆனால் எழுத்துருவைச் சார்ந்த அலங்காரம் அது. பத்தியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் வேறு சொல்லோடு குழப்பம் வராதா?

வரும். பிரிட்டிஷ் முறைக்கு எதிரான வலுவான வாதம் இதுவே. எய்ட்ஸ் என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதினால் ‘உதவுகிறது’ என்று பொருள்படும் வினைச்சொல்லாகிவிடும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அந்த வினைச்சொல்லும் முதல் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் தோற்றத்தில் வேறுபாடே இராது. ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பை ஆங்கிலத்தில் ஐசிஸ் என்றும் சொல்வதுண்டு. அதைக் கார்டியன் தன் விதிப்படி எழுதியபோது பழைய எகிப்தியப் பெண் தெய்வத்தின் பெயரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன.

மாறாக, எழுத்தெழுத்தாகச் சொல்லும் சுருக்கங்களில் பெரிய எழுத்தே காவலாக நிற்கிறது. உலக சுகாதார அமைப்பின் மூன்றெழுத்துச் சுருக்கத்தைச் சிறிதாக்கினால் ‘யார்’ என்று பொருள்படும் கேள்விச்சொல் வரும். அமெரிக்காவின் இரண்டெழுத்துச் சுருக்கத்தைச் சிறிதாக்கினால் ‘நம்மை’ என்றாகும். தகவல் தொழில்நுட்பத்தைக் குறிக்கும் ஐ.டி.யோ ‘அது’ ஆகிவிடும். தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் அச்சிடும் இதழ்களில் இந்தக் காவலும் போய்விடுகிறது. அங்கே புள்ளி ஒன்றே துணை.

என் கணிப்பில், வாக்கியத்தின் சூழல் பெரும்பாலான குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறது. தீராத இடத்தில் விதியை மீறுவதைவிட வாக்கியத்தை மாற்றி எழுதுவதே நல்ல உதவி ஆசிரியரின் வேலை.

அமைப்பு தன் பெயரை எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுவதுதானே மரியாதை?

நாளிதழ்கள் அப்படி நினைப்பதில்லை. பெயரின் எழுத்துக்கோவையை மாற்ற அவற்றுக்கு உரிமையில்லை என்றாலும், எழுத்தின் அளவு சின்னத்தின் வடிவமைப்பைச் சேர்ந்தது என்பது அவற்றின் நிலைப்பாடு. இக்கியா என்ற பெயர், நிறுவனரான இங்வார் காம்ப்ராட், அவர் வளர்ந்த பண்ணையான எல்ம்டாரிட், அருகிலிருந்த ஊரான அகுன்னாரிட் ஆகியவற்றின் முதலெழுத்துகள். நிறுவனம் நான்கையும் பெரிதாகவே எழுதுகிறது, இதழ்கள் பலவும் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. 1899-இல் தொடங்கிய ஃபியட்டும் ஒரு முதலெழுத்துச் சுருக்கம்தான் என்பதை இன்று எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

சட்டங்களின் பெயரிலும் இதே கதை. 2001-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட பேட்ரியாட் சட்டத்தின் பெயர், பத்துச் சொற்களை இழுத்துப்பிடித்து அவற்றின் முதலெழுத்துகள் ‘அமெரிக்கா, தேசபக்தர்’ என்று வரும்படி செய்யப்பட்ட சுருக்கம். அதிகாரபூர்வ வடிவத்தில் அனைத்தும் பெரிய எழுத்து. இதழ்கள் அதைச் சாதாரணப் பெயரைப் போல முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கி எழுதின. சட்டம் இயற்றியவர்கள் செய்த விளம்பர வேலையை நாளிதழ் மறுபடியும் செய்யத் தேவையில்லை.

ஒரு சுருக்கம் எப்போது பொதுச்சொல் ஆகிறது?

அதை விரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் போகும்போது. ரேடார் என்ற சொல் 1940-இல் அமெரிக்கக் கடற்படை வழக்கில் முழுவதும் பெரிய எழுத்தில் பிறந்தது. லேசர் என்ற சொல்லை 1957-இல் கார்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் எழுதியபோதும் ஐந்து எழுத்துகளும் பெரியவைதான். இன்று இரண்டையும் எந்த இதழும் வாக்கியத்தின் நடுவே பெரிய எழுத்தில் எழுதுவதில்லை. மின் அதிர்ச்சி தரும் டேசர் கருவியின் பெயரும் சுருக்கமே, ஆனால் பதிவுபெற்ற வணிகப் பெயர் என்பதால் முதல் எழுத்து பெரிதாகவே நிற்கிறது.

விரிவு மறைந்தும் சுருக்கம் வாழ்வதற்கு யுனிசெஃப் நல்ல சான்று. 1946-இல் வைத்த பெயரில் ‘பன்னாட்டு’, ‘அவசரகால’ என்று பொருள்படும் இரண்டு சொற்கள் இருந்தன. 1953-இல் அவற்றை நீக்கிப் பெயரைச் சுருக்கினார்கள், ஆனால் அந்தச் சொற்களின் முதலெழுத்துகள் சுருக்கத்தில் அப்படியே தங்கிவிட்டன. இன்றைய முழுப்பெயரை வைத்து எழுத்தெண்ணிப் பார்ப்பவருக்குக் கணக்கு உதைக்கும்.

சுருக்கத்தின் நடுவே சிறிய எழுத்து வருவது ஏன்?

இடைச்சொல்லைக் குறிக்கும் எழுத்து சிறிதாக வருவது ஒரு வகை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் நடு எழுத்து அப்படித்தான் சிறியது. அறிவியல் குறியீடுகளில் சிறிய எழுத்துக்குத் தனிப் பொருள் உண்டு. எம்.ஆர்.என்.ஏ. என்பதில் முதல் எழுத்தும், அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். என்பதில் முதல் எழுத்தும் சிறியவையாகவே இருக்க வேண்டும். இவற்றில் நடைக் கையேடுகள் கைவைப்பதில்லை. பன்மையைக் காட்டும் எழுத்து எப்போதும் சிறியது.

முன்னால் வரும் ‘எ’, ‘ஆன்’ என்ற சுட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் ஒலியைத்தான் பின்பற்றுகிறது. எம்.பி. என்பதன் முதல் எழுத்து மெய்யெழுத்தாக இருந்தாலும், அதன் பெயர் ‘எ’ என்ற உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன்’ வரும். நேட்டோவுக்கு ‘எ’ போதும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பக்கத்தின் வகையைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கத்தைச் சிலர் எஃப்.ஏ.க்யூ. என்கிறார்கள், சிலர் ஃபேக் என்கிறார்கள். முதல் கூட்டத்தாருக்கு ‘ஆன்’, இரண்டாம் கூட்டத்தாருக்கு ‘எ’. இப்படி வழக்கு இரண்டுபட்ட இடத்தில் உச்சரிப்பு விதி தடுமாறும். கையேடு ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும்.

மற்ற ஐரோப்பிய மொழி இதழ்கள் என்ன செய்கின்றன?

ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்குவதால், நேட்டோவும் எய்ட்ஸும் லேசரும் முதல் எழுத்து மட்டும் பெரிதாக அமைவது அங்கே இயல்பாக இருக்கிறது. ஸ்பானியத்தில் நான்கு எழுத்தைத் தாண்டிய பெயர்களுக்கு முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கலாம். எய்ட்ஸைக் குறிக்கும் சிடா, பறக்கும் தட்டைக் குறிக்கும் ஓவ்னி ஆகியவை ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் முழுவதும் சிறிய எழுத்தில் எழுதப்படும் பொதுச்சொற்களாகிவிட்டன. இத்தாலியில் ‘நாட்டோ’ என்றால் ‘பிறந்தவன்’ என்று பொருள். ராணுவக் கூட்டணியை அதிலிருந்து பிரித்துக் காட்ட ஒரேயொரு பெரிய எழுத்து போதுமென்றே அங்குள்ள இதழ்கள் இருந்துவிடுகின்றன.

தமிழில் பெரிய எழுத்தே இல்லாதபோது இந்தச் சிக்கல் நமக்கு எதற்கு?

பெரிய எழுத்து இல்லாவிட்டாலும் அதன் பின்னுள்ள கேள்வியிலிருந்து தமிழ் தப்பவில்லை. ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுத உட்காரும்போதே அதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்தாக வேண்டும். நாசா என்று எழுதலாம், என்.ஏ.எஸ்.ஏ. என்று எழுதலாம், இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது வடிவம் இல்லை. ரோமன் எழுத்து உச்சரிப்பை மறைத்துவைக்க இடம்தருகிறது, தமிழ் எழுத்து தருவதில்லை. ஒருவகையில் கார்டியன் விதியாக வைத்திருப்பதை நம் எழுத்து தன் இயல்பாகவே வைத்திருக்கிறது.

புள்ளியில்தான் தமிழ் இதழ்கள் வேறுபடுகின்றன. எஃப்.பி.ஐ. என்று புள்ளியிட்டு எழுதுவோரும் உண்டு, எஃப்பிஐ என்று சேர்த்து எழுதுவோரும் உண்டு. ஐக்கிய நாடுகள் என்பதன் சுருக்கமான ஐ.நா. போன்றவற்றில் புள்ளியை எடுத்தால் ‘ஐநா’ என்று ஏதோ பொருளற்ற சொல்போலத் தெரியும் என்பதால், நான் புள்ளியின் பக்கம். வேற்றுமை உருபு சேரும்போது ‘ஐ.நா.வில்’ என்று புள்ளிக்குப் பின் உருபு ஒட்டிக்கொள்வது பார்வைக்குச் சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது. ‘நாசாவில்’ என்பதில் அந்த உறுத்தல் இல்லை.

செய்தி நிறுவனத்திலிருந்து வந்த படியிலும் பிறர் பேச்சின் மேற்கோளிலும் எழுத்தின் அளவை மாற்றலாமா?

மாற்றலாம். ராய்ட்டர்ஸ் நேட்டோவை முழுவதும் பெரிய எழுத்தில் அனுப்பும். அதை வாங்கி வெளியிடும் இதழ் தன் கையேட்டின்படி திருத்திக்கொள்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு வடிவங்கள் தென்பட்டால், பெரும்பாலும் இந்தத் திருத்தம் விட்டுப்போயிருக்கும். மேற்கோளில் சொல்லை மாற்றுவது குற்றம், ஆனால் எழுத்தின் அளவு பேசியவரின் வாயிலிருந்து வந்ததல்ல. அதை எழுதியது இதழ்தான்.